புயல் கடந்த பிறகு: வீட்டில் நோயுற்ற பெற்றோர் இருந்தால் தெரிந்திருக்க வேண்டிய ஒரு கணக்கு

'புயல் கரையைக் கடந்தது' என்று டிவியில் கீழே ஓடும் வரியைப் பார்த்ததும் நமக்கெல்லாம் ஒரு நிம்மதி. ஓடு பறக்கவில்லை, மரம் வீட்டின் மேல் விழவில்லை, எல்லோரும் பத்திரம். ஆனால் வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் அம்மாவோ, ஆக்சிஜன் மெஷினோடு இருக்கும் அப்பாவோ இருந்தால், அந்த நிமிடத்தில்தான் கவலையே ஆரம்பிக்கிறது. கரண்ட் எப்போது வரும்? ரோடு எப்போது திறக்கும்? மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கு?

புயலுக்கு முன் என்ன செய்ய வேண்டும் என்று நமக்கு ஓரளவு தெரியும். மெழுகுவத்தி, பால் பவுடர், டார்ச் லைட் வாங்கி வைக்கிறோம். புயலுக்குப் பிறகான முதல் ஒரு வாரத்தை நோயாளியோடு எப்படிக் கடப்பது என்பதை யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

காற்றைவிட அதிக உயிர்களை எடுத்தது எது?

2017 செப்டம்பர் 20 அன்று கரீபியன் கடலில் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவை 'மரியா' என்ற சூறாவளி தாக்கியது. அமெரிக்கா பக்கம் 'ஹரிகேன்' என்று சொல்வதும், வங்கக் கடலில் நாம் 'புயல்' என்று சொல்வதும் ஒரே இயற்கை நிகழ்வுதான், பெயர்தான் வேறு. மரியாவில் இறந்தவர்கள் 64 பேர் என்று முதலில் அரசு கணக்குச் சொன்னது. வீடு இடிந்து, வெள்ளத்தில் சிக்கி என நேரடியாக இறந்தவர்களே பெரும்பாலும் அதில் இருந்தார்கள்.

பிறகு ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம், புயலுக்குப் பிந்தைய சுமார் ஆறு மாத காலத்தில் வழக்கத்தைவிட எத்தனை மரணங்கள் கூடுதலாக நடந்தன என்று ஆராய்ந்தது. 2018 ஆகஸ்டில் வந்த விடை: 2,975. அரசும் அந்த எண்ணையே ஏற்றுக்கொண்டது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் வீடு வீடாகச் சென்று எடுத்த இன்னொரு கணக்கெடுப்பில், புயலுக்குப் பிந்தைய மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு, சிகிச்சை தாமதமானதோ தடைப்பட்டதோதான் காரணம் என்று குடும்பத்தினர் சொல்லியிருந்தார்கள். அங்கே ஒரு வீட்டில் சராசரியாக 84 நாட்கள் மின்சாரம் இல்லை. அந்தத் தீவை ஒட்டியுள்ள வியேகஸ் என்ற சிறு தீவில் மருத்துவ மையம் சேதமடைந்ததால், சிறுநீரக நோயாளிகளை டயாலிசிஸ் செய்ய விமானத்தில் பிரதான தீவுக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது.

புயல் அடித்த மறுநாள் அங்கே செல்போன் கோபுரங்களில் சுமார் 95 சதவீதம் வேலை செய்யவில்லை. அமெரிக்க நகரங்களில் வேலை பார்த்த பிள்ளைகள், 'அம்மா இருக்காங்களா இல்லையா' என்றுகூடத் தெரியாமல் நாள்கணக்கில் தவித்தார்கள். சென்னையிலோ துபாயிலோ இருந்துகொண்டு, வேதாரண்யத்தில் இருக்கும் அம்மாவுக்கு விடாமல் போன் போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தத் தவிப்பை விளக்க வேண்டியதில்லை.

நம்ம ஊரில் என்ன நடந்தது?

2018 நவம்பர் 16 அதிகாலையில் 'கஜா' நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. தென்னை மரங்கள் விழுந்து கிராமச் சாலைகள் அடைபட்டன. ஊழியர்கள் இரவு பகலாக உழைத்தும், டெல்டாவின் உள்கிராமங்கள் சிலவற்றுக்கு மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது.

2024 நவம்பர் 30 இரவு 'ஃபெஞ்சல்' புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 'கடந்தாச்சு' என்று பலர் நினைத்த பிறகுதான் விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மழை கொட்டித் தீர்த்தது. சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2 அதிகாலையில் தென்பெண்ணையில் பெருவெள்ளம் வந்தது. விழுப்புரம் மாவட்டம் அரசூர் அருகே சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் போக்குவரத்து நின்றது. அன்றைக்கு ஒரு நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்த குடும்பத்துக்கு, புயல் கடந்து இரண்டு நாள் ஆகியும் வழி இல்லை.

இரண்டிலும் ஒன்றைக் கவனியுங்கள். காற்று சில மணி நேரத்தில் நின்றுவிட்டது. கரண்டும் ரோடும் திரும்ப நாட்கள், சில இடங்களில் வாரங்கள் ஆயின. அந்த இடைவெளிதான் நோயாளிக்கு ஆபத்து.

கெடு: உங்கள் அம்மாவுக்கு எத்தனை மணி நேரம்?

ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கெடு உண்டு. மின்சாரம், மருந்து, மருத்துவமனை ஆகியவை இல்லாமல் அந்த நோயாளி எவ்வளவு நேரம் பாதுகாப்பாக இருக்க முடியும் என்பதே கெடு. பொதுவாக இப்படிச் சொல்லலாம்:

ஆக்சிஜன் மெஷினை நம்பியிருப்பவர்: மணிக்கணக்கு, சிலருக்கு நிமிடக்கணக்கு.
இன்சுலினை மட்டுமே நம்பியிருப்பவர்: ஒரு நாள்கூட நீண்ட நேரம்தான்.
டயாலிசிஸ் நோயாளி: அடுத்த முறை குறித்திருக்கும் நாள்தான் கெடு.
வலிப்பு, இதய நோய், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்: கையில் உள்ள மாத்திரை தீரும் நாள்.
பிபி, சுகர் கட்டுப்பாட்டில் உள்ளவர்: சில நாள் தாங்கலாம். ஆனால் அதை நம்பி இருக்கக் கூடாது.

இது பொதுவான கணக்கு. உங்கள் அப்பாவுக்கான சரியான கெடுவைச் சிகிச்சை தரும் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "சார், கரண்டும் ரோடும் இல்லாம இவரு எத்தனை நாள் தாங்குவாரு?" பலரும் கேட்கத் தயங்கும் கேள்வி இது. தயங்க வேண்டாம்.

இனி முடிவெடுப்பது எளிது. உங்கள் ஊரில் வழி திறக்க ஆகும் நாட்களைவிடக் கெடு குறைவாக இருந்தால், அவரைப் புயலுக்கு முன்பே மருத்துவமனைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட வேண்டும். கெடு அதிகமாக இருந்தால், வீட்டில் அல்லது முகாமில் வைத்துச் சமாளிக்கலாம். 'எப்பவும் போலப் பார்த்துக்கலாம்' என்று மனசு சொல்வதை வைத்து முடிவு செய்யாமல், இந்தக் கணக்கை வைத்து முடிவு செய்யுங்கள்.

நோய்வாரியாக என்ன செய்வது?

டயாலிசிஸ்

சிறுநீரகம் வேலை செய்யாதபோது உடலில் நீரும் பொட்டாசியமும் சேரும். பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி, நின்றும் போகலாம். அதனால் புயல் எச்சரிக்கை வந்ததும் டயாலிசிஸ் மையத்துக்குப் போன் செய்து, முன்கூட்டியே ஒருமுறை செய்துவிட முடியுமா என்று கேளுங்கள்.

மையம் மூடியிருந்தால் வேறு இடத்தில் செய்ய வேண்டி வரும். அங்கே முதலில் கேட்பது மூன்று விஷயம்: கடைசி டயாலிசிஸ் குறிப்பு, நோயாளியின் டிரை வெயிட், மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனைகளின் அண்மை முடிவு. இந்த ரிப்போர்ட் இல்லாமல் புது இடத்தில் மெஷின் ஒதுக்கத் தாமதமாகலாம். இப்போதே இவற்றைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சாப்பாடு. புயல் ஓய்ந்ததும் விழுந்த தென்னையிலிருந்து இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள். நிவாரணத்தில் வாழைப்பழம் வரும். மற்றவர்களுக்கு அமிர்தமான இந்த இரண்டிலும் பொட்டாசியம் மிக அதிகம். டயாலிசிஸ் தள்ளிப்போகும் நாளில் இவை ஆபத்தில் கொண்டுபோய்விடும். தக்காளி, உருளைக்கிழங்கு, ஊறுகாய், அப்பளம், உப்புப் போட்ட சிப்ஸ் எல்லாம் தள்ளி வைக்க வேண்டியவைதான். வெறும் சோறு, இட்லி, உப்பில்லாத ரவை உப்புமா பரவாயில்லை. தண்ணீரையும் அளந்துதான் கொடுக்க வேண்டும். எவ்வளவு என்று உங்கள் டாக்டரிடம் முன்பே கேட்டு எழுதிவையுங்கள். 'பாவம், தாகமா இருக்காங்க' என்று பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்துவிடாமல், அவர்களிடமும் சொல்லிவையுங்கள்.

இன்சுலின், சுகர் மாத்திரை

கரண்ட் போனதும் ஃப்ரிட்ஜில் உள்ள இன்சுலின் கெட்டுவிடும் என்று தூக்கிப் போட வேண்டாம். ஃப்ரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் சுமார் 4 மணி நேரம் குளிர் தங்கும். அதற்குப் பிறகும், 30 டிகிரிக்குக் கீழ் உள்ள நிழலான இடத்தில் பெரும்பாலான இன்சுலின் வகைகளை 28 நாள் வரை பயன்படுத்தலாம். மருந்துப் பெட்டியில் உள்ள குறிப்பையும் பாருங்கள். மண்பானை முறை நம் வீடுகளுக்குப் புதிதல்ல: பெரிய பானையில் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதில் பாலித்தீன் கவரில் கட்டிய இன்சுலின், மேலே ஈரத் துணி. ஐஸ் கட்டியின் மேல் நேராக வைக்காதீர்கள். உறைந்துபோன இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது.

பலர் கவனிக்காத ஆபத்து தாழ்சர்க்கரை. முகாமில் சாப்பாடு எப்போது வரும் என்று தெரியாது. ஊசியோ மாத்திரையோ போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தால் வியர்வை, நடுக்கம், குழப்பம் வரும். நினைவோடு இருந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள். சாப்பாடு கைக்கு வந்த பிறகு ஊசி போடலாமா, அளவைக் குறைக்கலாமா என்பதை டாக்டரிடம் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, கால். சுகர் உள்ளவர் வெறுங்காலோடு வெள்ள நீரில் இறங்கக் கூடாது. உணர்ச்சி மரத்த பாதத்தில் ஆணி ஏறினால்கூடத் தெரியாது. தினமும் இரவில் பாதத்தைப் பாருங்கள்.

ஆக்சிஜன், மூச்சுத் திணறல்

கான்சன்ட்ரேட்டர் மெஷின் மின்சாரம் இல்லாமல் ஓடாது. வீட்டு இன்வெர்ட்டர் சில மணி நேரம்தான் தாங்கும். அதனால் சிலிண்டர் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். சுமார் 1,500 லிட்டர் கொள்ளும் பி வகை சிலிண்டரை நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் பயன்படுத்தினால் 750 நிமிடம், அதாவது பன்னிரண்டரை மணி நேரம் வரும். ஒரு நாளுக்கு இரண்டு சிலிண்டர். உங்கள் அப்பாவுக்கு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று பார்த்து நீங்களே வகுத்துக்கொள்ளலாம். மூன்று நாளுக்கான சிலிண்டர் வீட்டில் வைக்க முடியாது என்றால், அவருடைய இடம் வீடு இல்லை, மருத்துவமனைதான்.

நெபுலைசருக்கு மாற்றாக, மின்சாரம் தேவைப்படாத இன்ஹேலரும் ஸ்பேசரும் பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தால் வீட்டுக்குள்ளோ, வராண்டாவிலோ, ஜன்னல் பக்கத்திலோ வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்கும் குடும்பத்தையே அது கொன்றுவிடும். ஆக்சிஜன் உள்ள அறையில் மெழுகுவத்தியும் கூடாது, டார்ச் லைட்தான்.

படுக்கையில் இருப்பவர், மறதி நோய் உள்ளவர்

காற்று மெத்தையின் பம்ப் கரண்ட் போனால் நின்றுவிடும். மெத்தை தளர்ந்தால் படுக்கைப் புண் வரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள், இரவில் வீட்டில் உள்ளவர்கள் முறை வைத்துக்கொள்ளுங்கள். மறதி நோய் உள்ளவர்கள் புது இடத்தில், இருட்டில், கூட்டத்தில் மிரண்டு வெளியே நடந்துவிடுவார்கள். சட்டைப் பைக்குள் பெயர், ஊர், இரண்டு போன் நம்பர் எழுதிய சீட்டு வையுங்கள். தெரிந்த போர்வை, பழகிய டம்ளர் கூட இருந்தால் கொஞ்சம் அமைதியாக இருப்பார்கள்.

மாத்திரை தொடர்பாக எல்லோருக்கும் பொதுவான ஒன்று: வலிப்பு மருந்து, ஸ்டீராய்டு, சில இதய மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் நோய் பழையபடி திரும்புவதைவிட மோசமாகத் தாக்கலாம். 'ரெண்டு நாளைக்கு ஒண்ணு சாப்பிட்டு ஓட்டிக்கலாம்' என்று நீங்களாக அளவைக் குறைக்காதீர்கள்.

"நான் எங்கேயும் வரமாட்டேன்"

இதுதான் பல வீடுகளில் நடக்கும் உண்மையான சண்டை. அப்பா கட்டிலை விட்டு நகர மாட்டார். மாடு இருக்கு, கோழி இருக்கு, பூட்டிட்டுப் போனா திருடு போகும், முகாமில் கக்கூஸ் வசதி எப்படி இருக்குமோ என்று அவருக்கு ஆயிரம் காரணம். சில காரணங்கள் நியாயமானவையும்கூட.

மிரட்டினால் நடக்காது. புயல் வரும் நாளில் பேசினாலும் நடக்காது. வெயில் அடிக்கும் ஒரு நாளில் பேசுங்கள். "வீட்டை விட்டு வாங்க" என்று சொல்வதற்குப் பதில், "வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் இருக்கு, வியாழக்கிழமை புயல் வருதாம், ஆஸ்பத்திரி பக்கம் அத்தை வீட்ல ரெண்டு நாள் இருந்துட்டு வருவோம்" என்று தேதியோடு சொல்லுங்கள். மாட்டை யார் பார்ப்பது, சாவி யாரிடம் என்பதற்கும் பதில் வைத்திருங்கள். டாக்டரோ, ஊர் செவிலியரோ, அவர் மதிக்கும் பெரியவர் ஒருவரோ சொன்னால் கேட்கக்கூடியவர்கள் நிறைய.

'வீட்டில் ஆள் இல்லாவிட்டால் நிவாரணம் கிடைக்காது' என்ற பயமும் உண்டு. கிளம்புவதற்கு முன் வீட்டின் நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள், திரும்பியதும் சேதத்தைப் போட்டோ எடுங்கள். நோயாளியை எங்கே கூட்டிப் போகிறீர்கள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிட்டுப் போங்க. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை உள்ளிட்ட மாவட்டங்களில் 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடை வழியாகத்தான் வழங்கப்பட்டது. ரேஷன் கடைக்கு வந்து கைரேகை வைக்க முடியாத முதியவர்கள், தங்கள் சார்பில் ஒருவரை நியமிக்க விண்ணப்பிக்கும் வசதி உண்டு. புயல் காலத்துக்கு முன்பே அதை முடித்துவிடுங்கள்.

வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று தம்பியும், பக்கத்தில் இருக்கும் தங்கை பார்த்துக்கொள்வாள் என்று அண்ணனும் நினைத்தால், கடைசியில் சுமை முழுவதும் ஒருவர் தலையில் விழும். பெரும்பாலும் அது வீட்டில் இருக்கும் மருமகளோ மகளோதான். அதனால் பொறுப்பைப் பேர் சொல்லிப் பிரியுங்கள்.

கூட இருப்பவர்: நோயாளியின் சாப்பாடு, மருந்து, சுத்தம். வேறு எதுவும் இவர் தலையில் வேண்டாம்.
பக்கத்து ஊரில் இருப்பவர்: வண்டி, மாத்திரை, சிலிண்டர்.
வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர்: போன் வேலை முழுவதும். கட்டுப்பாட்டு அறை, டயாலிசிஸ் மையம், மருத்துவமனை, காப்பீடு எல்லாவற்றையும் தொடர்புகொள்வது. அவருக்குத்தான் கரண்டும் சிக்னலும் இருக்கும்.

வெளியூரில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அம்மாவுக்குப் போன் செய்யாதீர்கள். அவர்களிடம் இருக்கும் கடைசி 20 சதவீத சார்ஜ் அதிலேயே தீர்ந்துவிடும். காலை 8 மணி, மாலை 6 மணி என்று இரண்டு நேரம் முடிவு செய்துகொண்டு, அப்போது மட்டும் போனை ஆன் செய்யச் சொல்லுங்கள். கால் போகாத இடத்திலும் சாதாரண எஸ்.எம்.எஸ். சில சமயம் போய்விடும். வாட்ஸ்அப்பை மட்டும் நம்ப வேண்டாம். பேரிடர் நேரங்களில் ஒரு நிறுவனத்தின் சிம் வேறு நிறுவனத்தின் கோபுரத்தில் வேலை செய்யவும் அனுமதி தரப்படுவதுண்டு. போன் செட்டிங்ஸில் நெட்வொர்க்கைக் கைமுறையாகத் தேர்வு செய்து பாருங்கள்.

எந்த எண்ணில் யாரைக் கேட்பது?

108: ஆம்புலன்ஸ். படுத்தால் மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, முகம் ஒரு பக்கம் கோணுவது, கை கால் திடீரென்று பலம் இழப்பது, நினைவு தப்புவது, இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் அழையுங்கள்.
104: உயிருக்கு ஆபத்தில்லாத மருத்துவச் சந்தேகங்கள்.
1077: மாவட்டக் கட்டுப்பாட்டு அறை. வெளி மாவட்டத்திலிருந்து அழைப்பவர்கள் அந்த மாவட்டத்தின் எஸ்.டி.டி. எண்ணை முன்னால் சேர்க்க வேண்டும்.
1070: மாநிலக் கட்டுப்பாட்டு அறை.
94987 94987: மின்னகம், மின்சாரப் புகார்களுக்கு. வீட்டில் மருத்துவ மெஷின் இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லுங்கள்.
14567: முதியோர் உதவி எண்.
14416: மனநல ஆலோசனை.

கட்டுப்பாட்டு அறையை அழைக்கும்போது 'சீக்கிரம் வாங்க, அம்மாவுக்கு முடியல' என்று மட்டும் சொன்னால், எதிரில் இருப்பவரால் அவசரத்தை அளக்க முடியாது. கெடுவைச் சொல்லுங்கள். ஒரு மாதிரி:

"நோயாளிக்கு வயது 68. டயாலிசிஸ் செய்பவர். கடைசியாகச் செய்தது செவ்வாய். வெள்ளிக்குள் செய்தாக வேண்டும். நடக்க முடியாது, தூக்கித்தான் வர வேண்டும். வீடு மாரியம்மன் கோயில் தெரு, தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே. தெருமுனையில் மரம் விழுந்திருக்கிறது, பள்ளிக்கூடம் பக்கமாக வரலாம். இந்த நம்பர் கிடைக்காவிட்டால் இன்னொரு நம்பர் இது."

இதை இப்போதே உங்கள் விவரங்களோடு எழுதி, போனில் ஒரு குறிப்பாகச் சேமித்துவையுங்கள். பதற்றத்தில் வார்த்தை வராது, பார்த்துப் படித்தால் போதும்.

போனில் இருக்க வேண்டியவை

டி.என்.அலர்ட் செயலியும், தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் செயலியும் வானிலை எச்சரிக்கைகளைத் தமிழில் தரும். மருந்துச் சீட்டு, ரிப்போர்ட், ஆதார், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை ஆகியவற்றின் படங்களைக் குடும்பத்தில் மூன்று பேர் போனிலாவது வையுங்கள். அதில் ஒருவர் வேறு ஊரில் இருப்பவராக இருக்கட்டும். போன் நனைந்துபோகலாம் என்பதால் ஒரு காகித நகலும் வேண்டும், பாலித்தீன் கவரில்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். அதன் உதவி எண் 1800 425 3993. வேறு மாவட்டத்தில் சேர்க்க வேண்டி வந்தால் எந்த மருத்துவமனைகள் பட்டியலில் உள்ளன என்று அங்கே கேட்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே பிபி, சுகர் மாத்திரை பெறுபவர்கள், அக்டோபர் மாதமே உங்கள் பகுதி தன்னார்வலரிடம் பேசி, மழைக்காலத்துக்கான இருப்பைக் கேட்டு வையுங்கள். வயிற்று வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்பவர்கள் பைகளின் இருப்பையும் பாருங்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு

இரண்டாவது வாரத்தில் வேறு நோய்கள் வரும். வயிற்றுப்போக்கு, எலிக்காய்ச்சல், டெங்கு. ஏற்கெனவே நோயுள்ள பெரியவர்களை இவை சீக்கிரம் சாய்த்துவிடும். கொதிக்க வைத்த தண்ணீர் மட்டும் கொடுங்கள். காய்ச்சல் வந்தால் கடையில் மாத்திரை வாங்காமல் அருகில் நடக்கும் மருத்துவ முகாமுக்குக் கூட்டிப் போங்கள், வெள்ளத்தில் நின்றதைச் சொல்லுங்கள். சிறுநீரகம், இதயம் பாதித்தவர்களுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுப்பதற்கு முன் டாக்டரைக் கேட்க வேண்டும்.

பார்த்துக்கொள்பவரையும் கவனியுங்கள். நான்கு நாள் தூங்காமல் மாற்றி மாற்றித் திருப்பிப் படுக்க வைத்த அண்ணிக்கும் சாப்பாடு, தூக்கம், ஒரு நல்ல வார்த்தை வேண்டும். அவர் விழுந்துவிட்டால் நோயாளிக்கு வேறு ஆள் இல்லை.

இன்றைக்கே செய்யக்கூடியவை

1. டாக்டரிடம் கெடுவைக் கேட்டு எழுதுங்கள்.
2. ஏழு நாளுக்கான மாத்திரையைத் தனியாக எடுத்து வையுங்கள். பழையது தேங்காமல், மாதம் ஒருமுறை சாப்பிட எடுத்துக்கொண்டு புதியதை வையுங்கள்.
3. மருந்துச் சீட்டு, ரிப்போர்ட் படங்களை மூன்று பேருக்கு அனுப்புங்கள்.
4. கட்டுப்பாட்டு அறைக்கான குறிப்பை எழுதிச் சேமியுங்கள்.
5. அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரும் ஒரே காலில் பேசி, யாருக்கு என்ன வேலை என்று முடிவு செய்யுங்கள்.
6. அப்பா அம்மாவிடம், எப்போது, யார் வீட்டுக்குக் கிளம்புவது என்று இப்போதே சம்மதம் வாங்குங்கள்.

மேலே உள்ளவை பொது வழிகாட்டுதல்கள். சிகிச்சையில் எந்த மாற்றமும் உங்கள் டாக்டர் சொல்படிதான். ஆறு வேலைக்கும் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும், அதற்குள் அந்த ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிவிடுங்கள்.